அப்பாவுக்கு 3, அக்காவுக்கு 30: ஒரே மரபணுப் பிழை, வேறுவேறு எலும்புகள்

எங்கள் அப்பாவின் இடது முழங்காலுக்குக் கீழே, உள்பக்கமாக, ஒரு புடைப்பு உண்டு. எலுமிச்சம்பழத்தில் பாதி அளவு. தொட்டால் கல் மாதிரி இருக்கும், அசையாது, வலிக்காது. சின்ன வயதில் கிணற்றுப் படியில் விழுந்தபோது எலும்பு பிசகி ஏறிக்கொண்டது என்றுதான் அவர் முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நாங்களும் நம்பினோம். அப்புறம் அக்காவுக்கு ஐந்து வயதில் முழங்கால், தோள்பட்டை, விலா, மணிக்கட்டு என்று அங்கங்கே அதே மாதிரி முளைக்க ஆரம்பித்தது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த எலும்பு டாக்டர், "வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருக்கா?" என்று கேட்க, அப்பா ஒன்றும் பேசாமல் வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினார். கிணற்றுப் படி கதை அன்றோடு முடிந்தது.

அப்பாவுக்கு மொத்தம் 3. எனக்கு 7. அக்காவுக்கு, எண்ணத் தொடங்கியவர்கள் 30-ஐத் தாண்டியதும் விட்டுவிட்டார்கள். மூன்று பேருக்கும் ஒரே மரபணுவில், ஒரே இடத்தில், அதே பிழை. பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்? எங்களிடம் பலர் கேட்டிருக்கிறார்கள், நானும் பல வருடம் கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் கொஞ்சம் சுற்றிவளைத்து வருகிறது, ஆனால் சுவாரசியமான பதில்.

முதலில் பெயர். ஹெரிடிட்டரி மல்டிபிள் எக்சோஸ்டோசிஸ் என்பார்கள், மல்டிபிள் ஆஸ்டியோகாண்ட்ரோமா என்றும் ரிப்போர்ட்டில் எழுதுவார்கள், இரண்டும் ஒன்றுதான். தோராயமாக 50,000 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. எங்கள் அப்பா மாதிரி மருத்துவமனைப் பக்கமே போகாதவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை, அதனால் உண்மை எண்ணிக்கை இதைவிடக் கூட இருக்கும் என்பது என் எண்ணம். நோய் ஒன்றும் புதிதில்லை. நெப்போலியனின் அறுவை மருத்துவராக இருந்த அலெக்சி புவாயே என்ற பிரெஞ்சுக்காரர் 1814-லேயே இப்படி ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். குடும்பம் குடும்பமாக வரும் என்பது அப்போதே கண்ணில் பட்டுவிட்டது.

புடைப்பு என்று சொல்வது வெளியே இருந்து ஒட்டிக்கொண்ட கட்டி இல்லை. எலும்பிலிருந்தே கிளைவிட்டு வருவது. எக்ஸ்ரேயில் பார்த்தால் தாய் எலும்பின் வெளி ஓடு அப்படியே வளைந்து புடைப்பின் ஓடாகத் தொடரும், உள்ளே இருக்கும் மஜ்ஜையும் இடைவெளி இல்லாமல் அதற்குள் போகும். நுனியில் மட்டும் ஒரு குருத்தெலும்புத் தொப்பி. அந்தத் தொப்பிதான் வளர்கிறது, வளர்ந்து வளர்ந்து கீழே எலும்பாக மாறுகிறது. பெரும்பாலும் மூட்டைப் பார்த்து நீளாமல், மூட்டுக்கு முதுகைக் காட்டியபடி சாய்ந்து நீளும். குழந்தை வளர்கிற வரை இதுவும் வளரும், வளர்ச்சி நின்றதும் இதுவும் நிற்கும். இந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரே ஒரு புடைப்பு மட்டும் வருகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள்தான் பெரும்பான்மை. நூற்றுக்கு ஒருவர் இருவருக்கு அப்படி ஒன்று இருக்கலாம். அது பரம்பரை இல்லை, பிள்ளைக்கும் போகாது. நான் பேசுவது அதைப் பற்றி அல்ல.

எங்கே வரும் என்பதில் ஒரு ஒழுங்கு உண்டு. முழங்காலைச் சுற்றி, தோளுக்குப் பக்கத்தில், மணிக்கட்டில், கணுக்காலில், விலாவில், தோள்பட்டை எலும்பில், இடுப்பெலும்பில். முகத்தில் வராது. ஒரு எலும்பு எப்படி உருவாகிறது என்பதில்தான் காரணம் இருக்கிறது. கை கால் எலும்புகள் முதலில் குருத்தெலும்பாக உருவாகி, அப்புறம் எலும்பாக மாறுகின்றன. நீளம் கூடுவது நுனிக்குப் பக்கத்தில் இருக்கும் மெல்லிய ஒரு குருத்தெலும்புப் படலத்தில், வளர்ச்சித் தட்டு என்பார்கள். முக எலும்புகள் அந்த வழியில் வருவதில்லை, குருத்தெலும்பு என்ற கட்டமே இல்லாமல் நேராக எலும்பாகின்றன. குருத்தெலும்புச் செல் இல்லாத இடத்தில் இந்தப் புடைப்புக்கும் வேலை இல்லை.

இனி மரபணு. இரண்டு பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும்: 8-ஆம் குரோமோசோமில் இருக்கும் இஎக்ஸ்டி-1, 11-ஆம் குரோமோசோமில் இருக்கும் இஎக்ஸ்டி-2. 1995, 1996 ஆண்டுகளில் கண்டுபிடித்தார்கள். இரண்டும் சேர்ந்து ஒரே வேலையைச் செய்கின்றன: ஹெப்பரான் சல்பேட் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலியைக் கட்டுவது. ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பரின் ஊசியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதன் நெருங்கிய உறவு இது. செல்லின் மேல்பரப்பில் ரோமம் மாதிரி நின்றுகொண்டு, "இங்கே வளரு, இங்கே நிறுத்து" என்று போகிற வருகிற வளர்ச்சிச் சமிக்ஞைகளைப் பிடித்து நிறுத்திவைப்பது அதன் வேலை. அந்தச் சங்கிலி இல்லாவிட்டால் சமிக்ஞைகள் போகக்கூடாத இடத்துக்கெல்லாம் பரவிவிடும். தட்டின் ஓரத்தில் இருக்கும் செல்கள் திசை தவறி, பக்கவாட்டில் இன்னொரு எலும்பைக் கட்ட ஆரம்பிக்கும்.

அப்பா, அம்மா இருவரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆணா பெண்ணா என்பது இதில் கணக்கில்லை. பத்தில் ஒருவருக்கு மேல் பெற்றோரிடம் இல்லாமல் புதிதாகவும் வருவதுண்டு. பிழைகளோ நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, கிட்டத்தட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனக்கென்று ஒன்று. அதனால் குடும்பத்துக்குக் குடும்பம் நோய் மாறுவதில் ஆச்சரியம் இல்லை. ஒரே வீட்டுக்குள்ளே மாறுகிறதே, அதுதான் விஷயம்.

இப்படி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி வாங்கினால் இரண்டு சாவி தருவார்கள். எல்லோருக்கும் ஒவ்வொரு செல்லிலும் இந்த மரபணுவுக்கு இரண்டு நகல், அதாவது இரண்டு சாவி. எங்கள் வீட்டில் பிறந்த எங்களுக்கு உடம்பின் எல்லாச் செல்லிலும் பிறக்கும்போதே ஒரு சாவி தொலைந்துவிட்டது. ஆனால் ஒரு சாவியை வைத்துக்கொண்டே வண்டி ஓடும். எங்கள் எலும்பில் முக்கால்வாசி இடம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. வளர்ச்சித் தட்டில் இருக்கும் கோடிக்கணக்கான செல்களில் ஏதோ ஒன்றில், தற்செயலாக, மிச்சமிருந்த இன்னொரு சாவியும் தொலைந்தால்? அந்தச் செல்லும் அதன் வாரிசுகளும் புடைப்பாகக் கிளம்பும்.

இதை வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. எலிகளில் ஒரு நகலை மட்டும் எடுத்துவிட்டுப் பார்த்தார்கள், அவற்றின் நீண்ட எலும்புகளில் மனிதருக்கு வருவது போல வரவே இல்லை. ஆராய்ச்சியாளர்களுக்குப் பல வருடத் தலைவலி அது. 2010-இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள், அதில் ஒன்றில் நோபல் பரிசு பெற்ற மரியோ கபெக்கியும் இருந்தார், வேறு வழியில் போனார்கள். எல்லாச் செல்லிலும் கைவைக்காமல், குருத்தெலும்புச் செல்களில் அங்கங்கே சிலவற்றில் மட்டும் இரண்டு நகலையும் முடக்கினார்கள். எலிகளுக்கு அச்சு அசலாக அதே புடைப்புகள் வந்தன. இன்னொரு வேடிக்கையும் வெளிப்பட்டது. புடைப்பை வெட்டிப் பார்த்தால் அது முழுக்கப் பழுதான செல்களால் ஆனதில்லை, நல்ல செல்களும் கலந்தே இருந்தன. சில பழுதான செல்கள் பக்கத்தில் இருக்கும் நல்ல செல்களையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகின்றன. மனிதரின் புடைப்பில் "இரண்டாவது சாவி தொலைந்ததற்கான" தடயம் ஒவ்வொரு முறையும் சிக்காமல் போவதற்கு இந்தக் கலப்படமும் ஒரு காரணம்.

ஆக, எனக்கு 7, அக்காவுக்கு 30 என்பதை மரபணு நேராக எழுதிவைக்கவில்லை. இந்த நோய் வருமா வராதா என்பதைத்தான் அது எழுதியது. எத்தனை, எங்கே, எப்போது என்பது தனித்தனிச் செல்களில் நடந்த விபத்துகள்.

எப்போது என்பது ரொம்ப முக்கியம். மூன்று வயதில் தொடங்கிய புடைப்புக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு வருட வளர்ச்சி மிச்சம் இருக்கிறது. அது பெரிதாகும், பக்கத்து எலும்பைத் தள்ளும், தாய் எலும்பின் நீளத்தையே தின்றுவிடும். பன்னிரண்டு வயதில் தொடங்குவதற்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. எங்கே என்பதும் அப்படித்தான். தொடை எலும்பின் வளர்ச்சியில் சுமார் 70 சதவீதம் முழங்கால் பக்கத்துத் தட்டில்தான் நடக்கிறது, மேல்கை எலும்பில் 80 சதவீதம் தோள் பக்கத்தில். வேலை எங்கே அதிகமோ விபத்தும் அங்கேதான் அதிகம். முழங்காலையும் தோளையும் புடைப்புகள் மொய்ப்பதற்கு இதுதான் கணக்கு.

அக்காவின் வலது முன்கையைப் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். முன்கையில் இரண்டு எலும்பு: கட்டைவிரல் பக்கம் ஒன்று, சுண்டுவிரல் பக்கம் ஒன்று. சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மணிக்கட்டில் ரொம்ப ஒல்லி, அதே சமயம் அதன் நீளத்தில் சுமார் 80 சதவீதம் அந்த மணிக்கட்டு முனையிலிருந்துதான் வரவேண்டும். அங்கே சின்னதாக ஒரு புடைப்பு வந்தாலே தட்டில் பெரும்பகுதி போய்விடும். எலும்பு குட்டையாகிவிடும். பக்கத்து எலும்பு தன்பாட்டுக்கு வளர்ந்துகொண்டே இருக்கும், இரண்டும் மேலேயும் கீழேயும் கட்டுண்டு கிடப்பதால் அது போக வழியில்லாமல் வில்லாக வளையும், சிலருக்கு முழங்கையில் கழன்று வெளியே வந்துவிடும். அக்காவுக்கு வளைந்தது. உள்ளங்கையை முழுசாக மேல்நோக்கித் திருப்ப முடியாது, கோவிலில் தீர்த்தம் வாங்கினால் பாதி விரல் இடுக்கில் வழிந்துவிடும், இடது கையை அடியில் முட்டுக்கொடுத்துத்தான் வாங்குவாள். அந்த மணிக்கட்டில் இருப்பது பட்டாணி அளவுப் புடைப்பு. அப்பாவின் பாதி எலுமிச்சம்பழம் அவரை ஒன்றும் செய்யவில்லை.

இதனால்தான் "உங்களுக்கு எத்தனை இருக்கு?" என்ற கேள்வி அவ்வளவு உதவாது என்கிறேன். எண்ணிக்கை ஒன்று, தொந்தரவு வேறு. முழங்காலுக்குப் பக்கவாட்டில், வெளிப்புறம், சின்ன எலும்பின் தலைக்குப் பக்கத்தில் ஒரு நரம்பு சுற்றிப் போகிறது, அங்கே ஒரே ஒரு புடைப்பு அழுத்தினாலும் பாதத்தைத் தூக்க முடியாமல் போகும். முழங்காலுக்குப் பின்னால் ஓடும் பெரிய ரத்தக்குழாயைக் கூரான ஒன்று உரசி உரசி அதன் சுவரைப் புண்ணாக்கி வீங்கவைத்த கேஸ்கள் உண்டு, பெரும்பாலும் இளவயதுக்காரர்களுக்கு. முதுகெலும்பில் உள்பக்கமாக வளர்ந்தால் தண்டுவடம் நசுங்கும், அது அரிது, ஆனால் வந்தால் அவசரம். அதே அளவுப் புடைப்பு தொடையின் சதைக்குள் இருந்தால் ஆயுள் முழுக்கத் தெரியாமலேயே இருக்கும். தொடர்ந்து உரசும் இடத்தில் நீர்ப்பை கட்டிக்கொண்டு வலிக்கும், இது சாதாரணம். எனக்குக் குதிகாலுக்கு மேலே இருப்பது செருப்பு வாரைப் பொறுத்து வலிக்கும், அக்காவுக்குத் தோள்பட்டையில் இருப்பது பை மாட்டினால் வலிக்கும்.

சரி, எல்லாமே தற்செயல்தானா, முன்கூட்டி எதுவுமே சொல்ல முடியாதா? கொஞ்சம் சொல்லலாம். இத்தாலியின் பொலோனியாவில் ரிட்சோலி என்ற எலும்பு நிறுவனம் இருக்கிறது, இந்த நோய்க்கு உலகத்தில் பெரிய பதிவேடு வைத்திருக்கும் இடங்களில் ஒன்று. அவர்கள் 2011-இல் 529 நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், எலும்பு கோணியிருக்கிறதா, வேலை செய்வதில் தடை இருக்கிறதா என்று பார்த்து வகுப்புப் பிரித்தார்கள். எனக்கு அந்த முறை பிடித்திருக்கிறது, மனிதர்கள் படும் பாட்டைத்தானே அளக்கவேண்டும். அதில் தெரியவந்தது: இஎக்ஸ்டி-1 பிழை இருப்பவர்களுக்கு இஎக்ஸ்டி-2 இருப்பவர்களைவிடக் கடுமையாக வருகிறது, ஆண்களுக்குப் பெண்களைவிடக் கடுமையாக வருகிறது. வேறு நாட்டு ஆய்வுகளும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கின்றன. ஆண்களுக்கு ஏன் கூட என்பதற்கு, பையன்கள் இன்னும் சில வருடம் கூடுதலாக வளர்கிறார்கள் என்பது ஒரு விளக்கம்.

இப்போது எங்கள் வீட்டைப் பாருங்கள். அப்பா ஆண், 3. நான் ஆண், 7. அக்கா பெண், 30-க்கு மேல். ஆய்வு தப்பில்லை, எங்கள் வீடும் தப்பில்லை. 529 பேரை வரிசையில் நிற்கவைத்தால் சாய்வு தெரியும், மூன்று பேரை நிற்கவைத்தால் தெரியாது. மரபணுப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "இஎக்ஸ்டி-2 தான், அதனால் பயமில்லை" என்று ஒருவர் நிம்மதியாவதையும், "இஎக்ஸ்டி-1, போச்சு" என்று இன்னொருவர் அழுவதையும் பார்த்திருக்கிறேன். இரண்டுமே அவசரம்.

பரிசோதனையில் எதுவுமே அகப்படாதவர்களும் பத்தில் ஒருவருக்கு மேல் உண்டு. சிலருக்குப் பிழை உடம்பு முழுக்க இருக்காது, கருவில் வளரும்போது நடுவில் எங்கோ ஒரு செல்லில் ஏற்பட்டு, அதன் வாரிசுகளில் மட்டும் இருக்கும். ரத்தத்தில் தேடினால் சிக்காது, அல்லது மங்கலாகத் தெரியும். இதற்கு நேர் எதிரான கோடியில், மரபணுவில் ஒரு எழுத்து மாறாமல் குரோமோசோமில் ஒரு துண்டே காணாமல் போனவர்கள். 8-ஆம் குரோமோசோமில் துண்டு போனால் லாங்கர்-கீடியன் என்றும், 11-இல் போனால் போடோக்கி-ஷாஃபர் என்றும் பெயர். பக்கத்து மரபணுக்களும் சேர்ந்து போய்விடுவதால் புடைப்போடு முக அமைப்பில் மாற்றம், கற்றலில் சிரமம் என்று வேறு பலதும் வரும். புடைப்புகளை மட்டும் பார்த்தால் இவர்களும் எங்களை மாதிரிதான் இருப்பார்கள்.

புற்றுநோயாக மாறுமா என்று கேட்காதவர்கள் கிடையாது. மாறலாம், வாழ்நாளில் 100 பேரில் 1 முதல் 5 பேருக்கு என்று சொல்கிறார்கள். பெரும்பாலும் வளர்ச்சி நின்ற பிறகு, 20 வயதுக்கு மேல். இடுப்பெலும்பு, தொடையின் மேல்பகுதி, தோள்பட்டை எலும்பு ஆகிய இடங்களில் கூடுதல் கவனம் தேவை, அங்கே கைக்கு அகப்படாமல் உள்ளுக்குள்ளேயே பெரிதாகும் என்பதும் ஒரு சிக்கல். முன்னால் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, வளர்ச்சி நின்றால் புடைப்பும் நிற்கும் என்று. அதற்கு மாறாக, பெரியவரான பிறகு ஒரு புடைப்பு மறுபடி வளர்ந்தால், அல்லது இத்தனை நாள் சும்மா இருந்தது காரணமில்லாமல் வலித்தால், உடனே காட்டவேண்டும். எம்.ஆர்.ஐ. எடுத்து அந்தக் குருத்தெலும்புத் தொப்பியின் தடிமனை அளப்பார்கள், பெரியவர்களுக்கு 2 சென்டிமீட்டர் அளவைத் தொட்டால் சந்தேகப்படுவார்கள். அப்பா இப்போதும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தையல் டேப்பை எடுத்து முழங்காலைச் சுற்றி அளந்து காலண்டரில் எழுதிவைக்கிறார். டாக்டர் சொல்லவில்லை, அவராகக் கண்டுபிடித்தது.

சிகிச்சை என்று பார்த்தால் தொந்தரவு தருவதை வெட்டி எடுப்பது, கோணிய எலும்பை நேராக்குவது, இரண்டு கால் நீளத்தில் வித்தியாசம் இருந்தால் நீளமான பக்கத்து வளர்ச்சித் தட்டைத் தற்காலிகமாகக் கட்டிப்போடுவது. இருப்பதையெல்லாம் வெட்டமாட்டார்கள். அக்காவுக்கு 5 அறுவை, எனக்கு 1, அப்பாவுக்கு எதுவும் இல்லை. மாத்திரை கிடையாது. பாலோவரோட்டீன் என்ற மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனை ஒன்று நடந்துகொண்டிருந்தது. தசையும் தசைநாரும் எலும்பாக மாறும் எஃப்.ஓ.பி. என்ற வேறொரு அரிய நோய்க்கும் அதே மருந்தைச் சோதித்தார்கள், அங்கே சில குழந்தைகளுக்கு வளர்ச்சித் தட்டு காலத்துக்கு முன்பே மூடிக்கொண்டது. 2019 டிசம்பரில் 14 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நிறுத்திவைத்தது, அடுத்த வருடம் எங்கள் நோய்க்கான சோதனையே கைவிடப்பட்டது. எஃப்.ஓ.பி.க்கு மட்டும் 2023-இல் அங்கே அனுமதி கிடைத்தது, அதுவும் பெண் குழந்தைக்கு 8, ஆண் குழந்தைக்கு 10 வயது ஆன பிறகுதான். கொடுமை என்னவென்றால், புடைப்பு பிறக்கும் இடமும் குழந்தை உயரம் கூடும் இடமும் ஒன்றேதான், ஒன்றை அடைத்தால் இன்னொன்றும் அடைபடும்.

அக்கா மகனுக்கு இப்போது நான்கு வயது. அக்காவின் பிழை என்னவென்று தெரியும், அவனுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் இருக்கா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். இன்னும் செய்யவில்லை. சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது முழங்காலிலிருந்து கீழே, முன்கை, தோள், விலா என்று விரலால் தடவிக்கொண்டே வருவாள், அவன் கூச்சத்தில் நெளிவான். போன மாதம் வலது முழங்காலுக்குக் கீழே வந்ததும் விரல் நின்றது. மறுபடி தடவினாள். என்னைக் கூப்பிட்டு, "நீயும் தொட்டுப் பாருடா" என்றாள். மிளகு அளவு இருந்தது, அல்லது அங்கே எல்லாருக்கும் இருக்கும் எலும்பு மேடாக இருக்கலாம், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இடது காலையும் தொட்டு ஒப்பிட்டுப் பார்த்தோம். அவன் சோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான்.